நன்றாகப் பாடுகிற பையன்

ஆளைப் பார்த்தவுடன் எடை போடுகிற கண் எனக்கு உண்டு. தற்பெருமை இல்லை, உள்ளதைச் சொல்கிறேன். ஒருவன் பஸ்ஸிலிருந்து இறங்குகிற விதத்தை வைத்தே அவன் கபடியில் வலது மூலையில் நிற்கத் தகுந்தவனா, இடது மூலையா என்று சொல்லிவிடுவேன். அந்தக் கண்ணில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்கெல்லாம் காரணம் என் காது. (என் தங்கை மீனா இதைப் படித்தால், "காது இல்லண்ணே, வாய்" என்பாள். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கல்லூரியில் நானும் கபடிக்காரன்தான். முட்டி போனதால் ஆட்டம் போனது. ஆனால் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முட்டி தேவையில்லை என்பதால், பேசிப் பேசியே ஒரு தொழில்முறை கபடி அணியில் மூன்று மாதத் தற்காலிக வேலை வாங்கிவிட்டேன். பெரிய ஊர்க்காரர்கள் யாரும் எட்டிப் பார்க்காத சின்னக் கல்லூரிகளுக்குப் போய், ஒளிந்து கிடக்கிற ஒரு ரைடரைக் கண்டுபிடிக்க வேண்டும். மதுரையில் நடக்கும் தேர்வு முகாமுக்கு அந்த ஒரே ஒருவனைக் கொண்டுவர வேண்டும். அவன் தேறினால் எனக்கு வேலை நிரந்தரம். தேறாவிட்டால் அப்பாவின் உரக்கடையில் யூரியா மூட்டை எடை போடலாம்.

விசிட்டிங் கார்டில் 'டேலன்ட் ஸ்கவுட்' என்று போட்டுக் கொடுத்திருந்தார்கள். அம்மா அதை எங்கள் திருநகர் முழுக்கக் காட்டினாள். பக்கத்து வீட்டு அக்கா, "என்ன வேலை?" என்று கேட்டதற்கு, "சாரணர் படையில சேத்துக்கிட்டாக. இன்னும் கழுத்துத் துண்டுதான் தரல" என்று சொல்லியிருக்கிறாள். நான் திருத்தவில்லை. சாரணனுக்காவது பத்து பேர் சல்யூட் அடிப்பார்கள்.

பதினோரு வாரம் ஓடியது. ஒரு பெயரும் தேறவில்லை. அலங்காநல்லூர்ப் பக்கம் ஒருவன் புலி மாதிரி இருந்தான். ஆனால் "தையில வாடிவாசல் முன்னால நிக்கணும்ணே, உங்க டீமு கீமுன்னு எலும்ப உடைச்சுக்கிட முடியாது" என்று சொல்லிவிட்டான். (காளை முட்டினால் எலும்பு உடையாதா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.)

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் கபடி 'ஆடுகிறான்' என்பதைவிட 'பாடுகிறான்' என்பதுதான் அதிகம். மூச்சு விடாமல் 'கபடி கபடி' என்று சொல்லிக்கொண்டு எதிரணிக்குள் ஏறுகிற ரைடர்தான் பாடுகிறவன். "அவன் நல்லா பாடுவான்" என்றால் அவனைப் பிடிக்க ஏழு பேர் போதாது என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்தே களத்தில் கிடந்த எனக்கு அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் இருப்பதே மறந்து போயிருந்தது.

பன்னிரண்டாவது வாரம், திங்கள்கிழமை, திருமங்கலம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு மாணவிகள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"என்னமா பாடுறான்டி நம்ம முத்துப்பாண்டி! மதுரைக்குப் போயி அஞ்சு காலேஜையும் காலி பண்ணிட்டு வந்துட்டான்ல."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தே விட்டேன். எந்தக் கல்லூரி என்று கேட்டேன். ஒருத்தி முறைத்தாள், இன்னொருத்தி சொன்னாள். டி. கல்லுப்பட்டி தாண்டிப் போனால் வரும் ஒரு சின்னக் கலைக் கல்லூரி.

மறுநாளே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டே கட்டடம், சைக்கிள் ஸ்டாண்டு, கருவேலம் மண்டிய மைதானம். இந்த மைதானத்தில் பயிற்சி எடுத்தே ஐந்து கல்லூரிகளைக் காலி செய்கிறான் என்றால் மேட் விரித்த களத்தில் விட்டால் என்ன ஆவான் என்று புல்லரித்தது. ஆபீசில் போய், "இங்க நல்லா பாடுற பையன் ஒருத்தன் இருக்கானாமே" என்றேன்.

"நம்ம முத்துப்பாண்டியா? தமிழ் டிபார்ட்மென்ட் மேடத்தப் பாருங்க சார். அவகதான் அவனுக்கு எல்லாம்."

பெண் பயிற்சியாளர்! காலம் எவ்வளவு முன்னேறிவிட்டது என்று மகிழ்ந்தேன். மேடம் கண்ணாடி போட்ட, கனிவான பெண்மணி. நான் கார்டைக் கொடுத்தேன். அதில் இருந்தது 'டேலன்ட் ஸ்கவுட்' என்ற பட்டமும் அணியின் பெயரும் மட்டும்தான். கபடி என்ற சொல் எங்கும் இல்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"எம்புட்டு நேரம் மேடம் மூச்சு நிக்கும்?"

"ஒரே மூச்சுல முக்கால் நிமிஷம் இழுப்பான் சார். நானே வாட்ச் வச்சுப் பாத்திருக்கேன்."

கபடியில் ஒரு ரைடுக்கு அரை நிமிடம்தான். மதிப்பீட்டுத் தாளை எடுத்தேன்.

"தனியாப் பாடுறது பழக்கமா, குழுவாவா?"

"தனியா விட்டாத்தான் ஆளு. கூட்டத்துல விட்டா மத்தவனையெல்லாம் அமுக்கிப்புடுவான்."

"பயம்?"

"ஏறிட்டான்னா பயமே கெடையாது. எதுக்க எம்புட்டுப் பேரு இருந்தாலும் சட்டை பண்ண மாட்டான்."

"பலவீனம்னு ஏதாவது?"

மேடம் யோசித்தார். நேர்மையான பெண்மணி. "மேல எம்புட்டு வேணாலும் போவான் சார். கீழ எறங்குறப்பத்தான் கொஞ்சம் தடுமாறுவான்."

'குனியும்போது நிலை தடுமாற்றம், இடுப்புப் பயிற்சி தேவை' என்று எழுதிக்கொண்டேன்.

"வரச் சொல்றேன், ஒருக்கா பாடிக் காட்டட்டுமே" என்றார் மேடம்.

இங்கேதான் வாசகர்கள் என்னைக் கவனிக்க வேண்டும். கடவுள் கையில் கொண்டுவந்து கொடுத்த வாய்ப்பு அது. நான் கையை உயர்த்தி, ஒரு ஞானியைப் போலச் சிரித்து, "வேண்டாம் மேடம். இந்த வெயில்ல எதுக்கு? ஆளை மட்டும் காட்டுங்க, போதும்" என்றேன்.

"வெயிலுக்கும் இதுக்கும் என்ன சார்?" என்று மேடம் கேட்டார். அதுவும் எனக்கு உறைக்கவில்லை.

முத்துப்பாண்டி வந்தான். ஆறடி. அப்பாவோடு வயலில் மூட்டை தூக்கி வளர்ந்த தோள். நடக்கும்போது தரை அதிர்ந்தது. நான் டேப்பை எடுத்து மார்பு, தொடை, கெண்டைக்கால், கை நீளம் எல்லாம் அளந்து நோட்டில் குறித்துக்கொண்டேன். தொடை மட்டும் இருபத்து நாலு அங்குலம். அவன் வெட்கப்பட்டுக்கொண்டே நின்றான்.

"டிரஸ் நீங்களே தச்சுக் குடுத்துருவீகளாண்ணே?"

"எல்லாம் டீம் கொடுக்கும்."

"பேன்ட்டாண்ணே, வேட்டியா?"

"டிராயர்."

அவன் முகம் வாடிவிட்டது. "டிராயர் போட்டுக்கிட்டா பாடணும்?"

"எல்லாரும் அப்படித்தாம்பா."

"டிவியில வருமாண்ணே?"

"தேறிட்டா வரும்."

"அப்பச் சரிண்ணே" என்றான்.

அவன் குரலில் இருந்த அந்தத் தீர்மானம் எனக்குப் பிடித்திருந்தது. 'எதற்கும் தயார்' என்று மனநிலைக் கட்டத்தில் எழுதினேன். தாளின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது: 'ஆட்டத்தை நேரில் பார்த்தீர்களா?' நான் ஒரு கணம்கூடத் தயங்காமல், 'நேரில் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளில் இருந்த ஒரே பொய் அதுதான். மற்றதெல்லாம் சத்தியம்.

ஞாயிற்றுக்கிழமை காலை உள்ளரங்கில் முகாம். தலைமைத் தேர்வாளர் ராஜமாணிக்கம் சார் என் அறிக்கையை இரண்டு தடவை படித்தார். சிரிக்கவே தெரியாத மனிதர் அவர்.

"முக்கால் நிமிஷம் மூச்சா? நீ பாத்தியா?"

"இந்தக் கண்ணால பாத்தேன் சார்."

முத்துப்பாண்டி வெள்ளை வேட்டி சட்டையில், நெற்றியில் சந்தனத்தோடு வந்திறங்கினான். டிராயரைக் கொடுத்தோம். உடுத்திக்கொண்டு மேட் மேல் ஏறி வந்தான். எதிரே ஏழு பேர் வரிசையாகக் கைகோத்து நின்றார்கள். (கபடியில் தடுப்பவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். அவர்களைக் கோரஸ் என்று நினைத்துக்கொண்டதாகப் பிறகு சொன்னான்.) அவர்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். மரியாதை தெரிந்த பிள்ளை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன்.

நடுவர் விசில் ஊதினார். முத்துப்பாண்டி நடுக்கோட்டில் அப்படியே நின்றான். என்னைத் திரும்பிப் பார்த்தான். முதல் முகாம், கூச்சம் என்று நினைத்து நான் அரங்கமே அதிரக் கத்தினேன்:

"பாடுறா முத்துப்பாண்டி! பாடு!"

அவன் கண்ணை மூடினான். வலது கையைக் காதில் வைத்தான். தன் ஊர் அம்மன் மேல் ஒரு பாட்டை எடுத்தான் பாருங்கள், மேலே தகரக் கூரை கிணுகிணுத்தது. கைகோத்து நின்ற ஏழு பேரின் பிடி தானாகத் தளர்ந்தது. நடுவர் வாயிலிருந்து விசில் விழுந்து கயிற்றில் தொங்கியது. அரை நிமிடம் முடிந்து மணி அடித்தது. அவன் மூச்சு முடியவில்லை. மேடம் சொன்னது பொய்யே இல்லை. முக்கால் நிமிடம் இருந்தது.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பஸ், மாணவிகள், மேடம், வெயில், வேட்டியா பேன்ட்டா என்ற கேள்வி, எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. தரை பிளந்தால் நல்லது என்று பார்த்தேன். மேட் கெட்டியாக இருந்தது.

தமிழ் தெரியாத வடக்கத்திப் பையன் ஒருவன் இடது மூலையில் இருந்தான். பாட்டும் ஏதோ உத்தி என்று நினைத்தானோ என்னவோ, பாய்ந்து முத்துப்பாண்டியின் கணுக்காலைப் பிடித்து இழுத்துவிட்டான். ஆறடி உடம்பு சாய்ந்தது. சாயும்போதும் அவன் பாட்டை விடவில்லை. ஆனால் கீழே இறங்குகிறபோது குரல் கொஞ்சம் தடுமாறியது. அறிக்கையில் அதையும் சரியாகத்தான் எழுதியிருந்தேன்.

ராஜமாணிக்கம் சார் அவனைத் தூக்கி உட்கார வைத்தார். "தம்பி, நீ பாட்டுக்காரனா?"

"ஆமா சார். நல்லா இல்லையா சார்?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா" என்றார் சார். அப்புறம் தாளின் கடைசி வரியில் விரலை வைத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் அதைப் படிக்கவில்லை. எழுதியவனுக்குத் தெரியாதா? "இந்தப் பையன வீட்டுல விட்டுரு. அப்புறம் நீயும் வீட்லயே இரு" என்றார்.

வண்டியில் பின்னால் அவனை உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். பசுமலை வந்தது. அதற்குள் அவனுக்கும் விஷயம் முழுசாக விளங்கியிருந்தது. "ஊர்ல அம்புட்டுப் பேருகிட்டயும் டிவியில வருவேன்னு சொல்லிட்டு வந்தேன்ணே. அம்மா மொளகாப் பொடியெல்லாம் இடிச்சுக் குடுத்துவிட்டுச்சு" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னான். வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, ரோட்டோரத்தில் நின்று அழுதேன். வேலை போனதற்காக இல்லை. ஒருத்தன் குரலை ஒரு தடவைகூடக் கேட்காமல் அவன் தொடையை அளந்தவன் நான். அந்த வெட்கம் இன்றைக்கும் இருக்கிறது.

வீங்கிய காலோடு அவனை ஊருக்கு அனுப்ப மனசில்லாமல் திருநகரில் எங்கள் வீட்டுக்கே கூட்டிப் போனேன். அம்மா கணுக்காலுக்குப் பத்துப் போட்டாள். மீனா நடந்ததைக் கேட்டாள். கைகோத்து நின்றவர்களைக் கோரஸ் என்று நினைத்த இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனிடம், "இப்பப் பாடுங்க. எங்கண்ணன் இன்னும் ஒழுங்காக் கேக்கல" என்றாள்.

பாடினான். சோறு ஆறிப் போனது, யாரும் எழுந்திருக்கவில்லை.

மிளகாய்ப் பொடி டப்பாவைத் திருப்பிக் கொடுக்க மீனா அம்மாவோடு அவன் ஊருக்குப் போனாள். டப்பா போவதும் வருவதுமாக நாலு வருடம் ஓடியது. விசாரித்தால், சுற்றி வளைத்து அத்தை மகன் முறை வருகிறது. முத்துப்பாண்டி இப்போது ஒரு பள்ளியில் பாட்டு வாத்தியார், மீனாவுக்கு வீட்டுக்காரர், எனக்கு மாப்பிள்ளை. கல்யாணச் சட்டை தைக்க டெய்லர் அளவு கேட்டபோது என் நோட்டில் எல்லாம் தயாராக இருந்தது. நான் பார்த்துத் தேர்ந்தெடுத்ததில் இன்றுவரை ஆட்டத்தில் இருக்கிற ஒரே ஆள் அவர்தான். என் கண்ணைப் பற்றி ஆரம்பத்திலேயே சொன்னேனே!

நான் உரக்கடையில்தான் இருக்கிறேன். வீட்டில் என் பேச்சுக்கு ஒரு வாலும் முளைத்துவிட்டது. பஸ் வந்துவிட்டது என்றாலும், பால் பொங்கிவிட்டது என்றாலும், உடனே யாராவது ஒருவர், "நேர்ல பாத்தியா?" என்று கேட்பார்கள். அம்மாகூட விடுவதில்லை.

போன மாதம் மீனாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையை என் கையில் கொடுத்த அந்த நேரம், மீனா தூங்கிக்கொண்டிருந்தாள், மற்றவர்கள் எல்லாரும் கேன்டீனில் இருந்தார்கள். குழந்தை வாயைத் திறந்து ஒரு இழுப்பு இழுத்தது. பழக்கதோஷத்தில் வாட்சைப் பார்த்தேன். என்ன மூச்சு! பிள்ளையை நர்ஸிடம் கொடுத்துவிட்டு ஓடிப் போய்ச் சொன்னேன்: "மாப்ள, பிள்ள பாடுது! ஒரே மூச்சுல இருபது செகண்டு!"

மாப்பிள்ளை டீ கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நேர்ல பாத்தீகளா மச்சான்?" என்றார்.

சத்தியமாகப் பார்த்தேன். ஒருத்தரும் நம்பவில்லை.