மாமரத்தில் ஏறி மன்னிப்புக் கேட்ட விவரம்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் ஆசியுடன் எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி, தோட்டத்து மாமரம், மூவரும் உயிரோடு இருக்கிறோம். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நீ பதறாமல் படிப்பாய்.

ஆறு வருஷமாகக் காய்க்காத மரத்தை எப்படிக் கழிக்க வேண்டும் என்று விளக்கமாக எழுதியிருந்தாய். பட்டுப்போனதை முதலில் எடு, நடுவில் வெளிச்சம் விழ வழி விடு, ஒரே வருஷத்தில் கால் பங்குக்கு மேல் வெட்டாதே என்றெல்லாம். கை பழகட்டும் என்று அண்ணி வளர்த்த மாதுளையில் ஆரம்பித்தேன். முடித்தபோது அது துணி போன குடைக்கம்பி மாதிரி நின்றது. அன்றிலிருந்து நாலு நாள் வீட்டில் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை.

ஞாயிறு காலை ஏணியைச் சாத்தினேன். உன் அண்ணி வந்து அடியில் பிடித்துக்கொண்டாள். முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக அந்தரத்தில் நின்றவனுக்கு உயரம் என்ன பயம்? ஆனால் லிஃப்டுக்கு நாலு கம்பி வடம் உண்டு, இந்த ஏணிக்கு அவளுடைய இரண்டு கைகள்தான். தொடை பருமன் கிளை, பாதி அறுத்திருப்பேன், மடேரென்று முறிந்து, அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு இறங்கி, நேராக அவள் தலைக்கு மேலே தொங்கி நின்றதம்மா! ஒரு சாண் பட்டைதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. இடுப்பிலிருந்த கயிற்றை மேலே மரம் பிரியும் கவையில் போட்டுக் கிளையோடு கட்டினேன். முடிச்சு தாங்குமா தெரியாது.

"விட்டுட்டு ஓடிடு!"

நாலு நாளுக்குப் பிறகு வாய் திறந்தாள். "நான் விட்டா ஏணி சரியும்."

"சரியட்டும். நான் மரத்தைப் பிடிச்சுக்கறேன். நீ போ."

"நிஜமாப் பிடிச்சுக்குவீங்களா?"

"போன்னா போயேன்!"

கண்ணை மூடி மரத்தைக் கட்டிக்கொண்டேன். காலடிச் சத்தம் விலகியது. கொஞ்ச நேரத்தில் தொப்பென்று ஏணி விழுந்தது. கண் திறந்தால், உள்ளேயிருந்து எடுத்து வந்த உன் கடிதத்தோடு துணிக்கொடியருகே நிற்கிறாள்.

"பின்பக்கம் படிச்சீங்களா?"

"பின்பக்கம் வேற இருக்கா?"

"'பெரிய கிளையை முதலில் அடியில் கொஞ்சம் அறு. இல்லாவிட்டால் பட்டையோடு கிழியும்.'"

"கிழிஞ்சிட்டா?"

"அது எழுதல. முதல்ல மாதுளைக்கு மன்னிப்புக் கேளுங்க."

"மாதுளைகிட்டயா, உன்கிட்டயா?"

"ரெண்டு பேர்கிட்டயும்."

உரக்கக் கேட்டேன். பக்கத்து வீட்டுத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகுதான் ஏணி திரும்பி வந்தது. ஒட்டியிருந்த பட்டையை அறுத்து, கிளையைக் கயிற்றில் மெல்ல இறக்கி, கிழிந்த இடத்தைச் சீராகச் செதுக்கினேன். மதியம் மரத்தின் நடுவே வெயில் விழுந்தது. இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இனி ரம்பத்தைத் தொடுவதாக இல்லை. மாப்பிள்ளையிடம் விசாரித்ததாகச் சொல். இருவரும் குறைவில்லாமல் இருங்கள்.

அன்புடன்,
அண்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டித் தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார், அதனால் அண்ணி எழுதுகிறேன். ரம்பத்தைத் தொடமாட்டார் என்பதை நம்பாதே. இப்போது எலுமிச்சையடியில் நின்று ஏணி பிடிக்கக் கூப்பிடுகிறார். அன்று 'நீ போ' என்று சொன்னது மட்டும் சத்தியமான உண்மை. ஆனால் ஏணி தானாகச் சரியவில்லை. முடிச்சு தாங்குகிறதா என்று நன்றாகப் பார்த்துவிட்டு, நான்தான் இழுத்துப் போட்டேன்.