எறும்புச் சாமியாரின் சர்க்கரைத் தீர்த்தம்

தேனி மாவட்டத்துத் தேவாரம் ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு புளியந்தோப்பு. 2006-ஆம் வருஷம் அங்கே எறும்புகளுக்கு நல்ல காலம் பிறந்தது. எறும்புச் சாமியாருக்கும்தான்.

சர்க்கரை வியாதிக்காரர்களின் ஆறாத கால்புண்ணைச் சாமியார் தீர்த்தத்தால் கழுவுவார். கழுவிய தண்ணீர் தரையில் ஓடும். கொஞ்ச நேரத்தில் எறும்புகள் சாரிசாரியாக வரும்.

"பாத்தீகளா? ஒடம்புல இருக்க சக்கரை பூராம் எறங்குது!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். உத்தமபாளையத்திலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். படித்தவர்கள் காரில் வந்தார்கள். அவர்களுக்காகவே பலகையில் 'குரோத் ஃபேக்டர் தீர்த்தம்' என்று எழுதியிருந்தது. பக்திக்கு விஞ்ஞானத்தைத் தொட்டுக்கொண்டால் ருசி கூடும் அல்லவா!

மார்க்கையன்கோட்டை நெல் வியாபாரி கோட்டைச்சாமியும் வரிசையில் நின்றார். வலது கால் பெருவிரலில் புண். கூடவே மனைவி அய்யம்மாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"ஏங்க, தேனி டாக்டர் என்ன சொன்னாக? சக்கரை கூடுனா ரத்தக்கொழாய் துருப்புடிச்ச பைப்பு கணக்கா கெட்டுப்போகும், புண்ணு ஆறாது. சக்கரையைக் கொறச்சு, புண்ணைச் சுத்தம் பண்ணி, சதை வளர குரோத் ஃபேக்டர்னு ஒரு களிம்பு போடணும். தள்ளிப்போட்டா வெரலு போயிரும்னு சொன்னாகளா இல்லையா?"

"அதே பேருதேன இங்கனயும் போட்டிருக்கு? டாக்டர் வெரல எடுப்பேன்னு பயங்காட்டுறாக. சாமி சக்கரையத்தேன் எடுக்குறாக. எது லாபம்?"

வியாபாரி மூளை!

"மூணு வாரமா வாறோம். எறும்புக்குத்தேன் ஒடம்பு தேறியிருக்கு."

அன்றும் காலைக் கழுவினார்கள். எறும்பும் வந்தது. அய்யம்மாள் சட்டென்று தீர்த்தச் செம்பைக் கையில் எடுத்தாள்.

"சாமி, ஒங்களுக்குச் சக்கரை இருக்கா?"

"சிவ சிவா! ஒரு துளி கெடையாது."

வாயை மூடுவதற்குள் அவர் காலிலேயே ஊற்றிவிட்டாள். எறும்புகள் அங்கேயும் வந்தன.

சாமியார் அசருகிற ஆளா? "மக்களே, ஒங்க சக்கரைய எல்லாம் நான்தேன் வாங்கிச் சொமக்குறேன்!"

கூட்டம் உருகிவிட்டது. நாலு பேர் விழுந்தே கும்பிட்டார்கள். கோட்டைச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அய்யம்மாள் விடவில்லை. மிச்சத் தீர்த்தத்தைப் பக்கத்தில் கிடந்த துவைகல்லில் கவிழ்த்தாள். எறும்புகள் கல்லையும் மொய்த்தன.

"இந்தக் கல்லுக்கு எத்தனை வருசமாச் சக்கரை, சாமி?"

யாரோ ஒருவர் செம்புக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். "ஏலே, வெல்லத் தண்ணிடா!"

கூட்டம் திரும்பிப் பார்த்தபோது சாமியார் கேரளப் பக்கம் மலையேறிக்கொண்டிருந்தார்.

தேனியில் புண்ணைச் சுத்தம் செய்தார்கள். களிம்பு சதையை வளர்த்தது. பாதம் தப்பியது, விரல் தப்பவில்லை. மூன்று வாரம் முந்தி வந்திருந்தால் அதுவும் தப்பியிருக்கும் என்றார் டாக்டர்.

"வெரல வளக்குற களிம்பு இல்லீங்களா டாக்டர்?" என்று கோட்டைச்சாமி பரிதாபமாகக் கேட்டார்.

"அதுக்குத் தேவாரந்தேன் போகணும்" என்றாள் அய்யம்மாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

எறும்புகூட மோந்து பார்த்துவிட்டுத்தான் வாய் வைக்கிறது. நாம்தான் பலகையைப் பார்த்ததும் காலை நீட்டிவிடுகிறோம்.