ஆறாம் பக்கத்துக்குப் போகாதவர்

உலகத்திலேயே அதிகமான செய்திகளுக்குக் கருத்துச் சொன்னவரும், அவற்றில் ஒன்றைக்கூடப் படிக்காதவரும் ஒரே ஆள்தான். அவர் மலேசியாவில், ஈப்போ நகரத்தில் இருந்தார். கட்டுரையைத் திறக்காமலே கீழே திட்டி எழுதுகிறார்களே என்று இன்றைக்குக் கைப்பேசியும் கையுமாக எல்லாரும் அதிர்ச்சி அடைகிறார்கள். என் அதிர்ச்சியெல்லாம் எழுபதுகளின் கடைசியிலேயே செலவாகிவிட்டது.

ஒண்ணாம்பக்கம் என்றால்தான் அவரை ஊருக்குத் தெரியும். ரப்பர் தோட்டத்தை விட்டு வந்து டயர் கடையில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீராசாமி அண்ணனின் முடிவெட்டும் கடையில் ஆஜராகிவிடுவார். அந்தக் கடைக்கு வருவது ஒரே ஒரு தமிழ்ப் பேப்பர். வீராசாமி அண்ணன் அதைத் தாள் தாளாகப் பிரித்து, வந்த வரிசைப்படி ஆளுக்கொன்றாகக் கொடுப்பார். கடை திறக்கும் முன்பே வந்து நிற்பதால் முதல் தாள் எப்போதும் இவருக்கு. தலைப்பைப் பார்ப்பார், தொடையில் ஓங்கித் தட்டுவார், எங்கள் ஊர்ப் பேச்சுக்கே உரிய ‘லா’வோடு தீர்ப்பு வந்துவிடும். ‘தொடர்ச்சி ஆறாம் பக்கம்’ என்று போட்டிருப்பது வேலை வெட்டி இல்லாதவர்களுக்கு என்பது அவர் எண்ணம்.

ஒருமுறை ‘தஞ்சோங் ரம்புத்தானில் கதவுகள் திறந்தன’ என்று தலைப்பு. பெரிய மனநல மருத்துவமனை இருக்கிற ஊர். “ஐயையோ, எல்லாரையும் வெளிய வுட்டுட்டானுங்க லா! கதவ இழுத்துப் பூட்டுங்க!” என்று போட்ட சத்தத்தில் வீராசாமி அண்ணன் கடையை உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டார். பாதி மீசையோடு ஒரு மனுஷன் இருட்டில் உட்கார்ந்திருந்தார். திறந்தது ஒரு வாசகசாலையின் கதவுகள். அது தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டாரா? “வாசகசாலை எதுக்கு லா? எவன் படிக்கிறான்?” என்று அதற்கும் ஒரு கருத்துச் சொன்னார்.

நான் அப்போது அந்தப் பேப்பரின் ஈப்போ நிருபர். பாகான் செராய் வயல்களில் அறுவடை இயந்திரம் வந்ததைப் பற்றி, முழங்கால் சேற்றில் நின்று விசாரித்து எழுதியிருந்தேன். அவர் தலைப்பைப் பார்த்துவிட்டு, “இத எழுதுனவன் நெல்லக் கண்ணால பாத்திருப்பானா?” என்றார்.

“நான்தாண்ணே எழுதுனேன்.”

“நீ எழுதுனா? அதுக்காக உனக்கு எல்லாம் தெரியுமா லா?”

 

இப்படிப்பட்டவருக்கு விமலா என்று ஒரு மகள், பஸ்ஸில் கண்டக்டர். அப்பாவுக்குத் தெரியாமல் படித்து, பஸ் ஓட்டும் லைசென்ஸ் எடுத்துவிட்டாள். திங்கட்கிழமை முதல் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். பஸ் கம்பெனி பெருமையோடு என்னைக் கூப்பிட்டுச் செய்தி கொடுத்தது. விமலா என்னைத் தனியாக ஓரம் கட்டினாள்.

“அண்ணே, விடிகாலையில எந்திரிச்சுப் பொம்பள ரப்பர் பாலுக்கு மரம் வெட்டலாம், வண்டி ஓட்டக்கூடாதும்பாரு எங்கப்பா. முன்னாடியே தெரிஞ்சா கம்பெனிக்கே வந்து ரகளை பண்ணி வேலைய வுட வச்சிடுவாரு. என் பேரு, படம் எல்லாத்தையும் ஆறாம் பக்கத்துல போடச் சொல்லுங்க. அங்க அவரு போகமாட்டாரு.”

இப்படியும் ஒரு பாதுகாப்பா என்று அசந்துபோனேன். அப்படியே போடச் சொன்னேன்.

ஞாயிறு காலை. முதல் தாளில் ‘பஸ் ஓட்ட வருகிறாள் தமிழ்ப் பெண்’. கீழே நாலே வரி. அவர் தொடையில் தட்டினார்.

“பொம்பளப் புள்ள பஸ் ஓட்டுறதா! எந்த அப்பன் லா இதுக்குச் சம்மதிச்சான்? என் மவளா இருந்தா கால ஒடச்சு அடுப்புல வச்சிருப்பேன்!”

வழக்கமாக நாலு பேராவது சண்டைக்கு வருவார்கள். அன்றைக்கு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஆறாம் பக்கம் அதற்குள் கடை முழுவதும் சுற்றி வந்துவிட்டிருந்தது. ஒருவர் கூரையைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

அந்த அமைதி அவரை உறுத்திவிட்டது. எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, என் காதை நானே நம்பவில்லை, “ஆறாம் பக்கம் யாருகிட்ட இருக்கு?” என்று கேட்டார்.

வீராசாமி அண்ணனின் கத்தி நடுக்கன்னத்தில் நின்றது. தாள் அண்ணனுக்குப் பக்கத்து மேசையில் விரிந்து கிடந்தது. மனுஷன் பதறிப்போய், கத்தியைத் துடைக்கிற சாக்கில் சோப்பு நுரை மொத்தத்தையும் விமலாவின் படத்தின் மேல் அப்பினார். “இது அழுக்காயிடுச்சுண்ணே, வேற தாள் பாக்குறீங்களா?”

ஒண்ணாம்பக்கம் எழுந்து போய்த் தாளை எடுத்தார். கட்டைவிரலால் நுரையை மெல்ல வழித்தார். முதலில் தொப்பி வந்தது, பிறகு நெற்றி, பிறகு சிரிப்பு. போய் உட்கார்ந்தார். படித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், முதல் வரியிலிருந்து உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். விமலாவின் வேலை போச்சு என்று நினைத்தேன். கன்னத்தில் நுரை காய்ந்துபோன ஆள்கூட எழுந்து போகவில்லை.

முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். “எழுதுனது நீதான?”

“ஆமாண்ணே.”

“இன்னாரு மவள்னு எங்கயும் போடலியே. புள்ள என்ன தானா மொளச்சு வந்துச்சா லா?”

அந்தத் தாளை ஈரத்தோடு மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, முடியும் வெட்டிக்கொள்ளாமல் வீட்டுக்குப் போனார். திங்கட்கிழமை விமலாவின் முதல் பஸ்ஸில், முன் சீட்டில் அவர் இருந்தார். ஏறுகிறவர்களிடமெல்லாம், “பயப்படாம ஒக்காருங்க, ஓட்டுறது என் மவதான்” என்று சொல்லிக்கொண்டே போனாராம். இறங்குகிறவர்களிடமும் சொன்னாராம்.

எழுத வந்த இத்தனை வருஷத்தில் என்னைத் திட்டியவர்கள் ஏராளம். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத் திட்டியவர் அவர் ஒருவர்தான். அவரிடம் இன்னொரு தடவை திட்டு வாங்க ஆசையாக இருக்கிறது.