தொப்புள் வழியே போன பித்தப்பை

புல்வெட்டும் இயந்திரத்தோடு டெல்பர்ட் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ஆர்வில் நின்றார். அவர் மனைவி லூரீன் கையில் அவனில் சுட்ட சிக்கன் காசரோல் தட்டு, ஆவி பறக்க. சர்ச் சபையில் யாருக்கு ஆபரேஷன் என்றாலும் வீடு தேடிச் சாப்பாடு வரும். அமெரிக்காவின் டென்னஸியில் அது எழுதாத சட்டம். டெல்பர்ட் வீட்டு ஃப்ரிட்ஜில் ஏற்கெனவே இடமில்லை.

"திங்கக்கிழமை பித்தப்பையை எடுத்தாங்கன்னு சொன்னே. வியாழக்கிழமை புல்லு வெட்டுறே?" என்றார் ஆர்வில்.

"லேசர்ல எடுத்தாங்கப்பா. மறுநாளே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"கதை விடாதே! எனக்கு எடுத்தப்ப ஆறு வாரம் படுத்த படுக்கை. பாரு!"

ஆர்வில் சட்டையைத் தூக்கினார். விலாவுக்குக் கீழே ஒரு அடி நீளத் தழும்பு. ஊரில் அதைப் பார்க்காத ஆள் கிடையாது. லூரீன் வானத்தைப் பார்த்தாள்.

டெல்பர்ட்டும் தூக்கிக் காட்டினார். நாலு குட்டிப் பிளாஸ்திரி.

"யோவ், ஷேவ் பண்றப்பவே எனக்கு இதைவிடப் பெருசா கிழியும்!"

சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் ஒரே பேச்சு: ஓசிச் சாப்பாட்டுக்காக டெல்பர்ட் ஆபரேஷன் நாடகம் ஆடுகிறார். ஞாயிற்றுக்கிழமை சபைக் காரியங்களைப் பார்க்கும் டீக்கன் பதவிக்குத் தேர்தல். அவர் வெகு காலமாக ஏங்கிய பதவி. பொய்யனுக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்?

டாக்டர் எடுத்துக் கொடுத்த பித்தப்பைக் கற்களை டெல்பர்ட் குப்பியில் போட்டு, ஊரார் கூடும் முடிவெட்டும் கடைக்குச் சாட்சியாகக் கொண்டுபோனார்.

"ஆத்துல பொறுக்கினதா?" என்றார்கள்.

மறுநாள் கைத்தடியோடு நொண்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போனார். "வயித்துல ஆபரேஷன்னா கால் ஏன்பா நொண்டுது?" என்று பாஸ்டரே கேட்டுவிட்டார்.

கடைசியில், டாக்டர் கொடுத்த ஆபரேஷன் வீடியோ கேசட்டை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச் ஹாலில் போட்டுவிட்டார்.

தொப்புள் வழியாக நுழைந்த கேமராவில் பளபளவென்று கல்லீரல். அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த பை. லேசரின் பச்சை ஒளி தொட்ட இடம் அறுந்தது, அந்தச் சூட்டிலேயே ரத்தக் கசிவும் நின்றது. டாக்டரின் கை ஒரு இழைகூடத் தடுமாறவில்லை. பை கல்லீரலை நோகடிக்காமல் பிரிந்து, தொப்புள் வழியாகவே வெளியே போனது. டெல்பர்ட்டுக்குக் கண் கலங்கியது. மனுஷக் கைக்கு இத்தனை நுணுக்கமா! தான் தூங்கிக்கொண்டிருந்தபோது உள்ளே இப்படி ஒரு அற்புதம் நடந்திருக்கிறதே!

"எல்லாம் சரி," என்று எழுந்தார் ஆர்வில். "உள்ள இருக்கிறது டெல்பர்ட்தான்னு யாரு கண்டா? முகமே தெரியலையே!"

ஹால் குலுங்கிச் சிரித்தது. பாஸ்டர் தயங்கித் தயங்கி ஓட்டுச் சீட்டுகளைக் கையில் எடுத்தார். டீக்கன் பதவி போனது போனதுதான்.

பின்வரிசையில் லூரீன் எழுந்தாள்.

"உக்காருங்க ஆர்வில். போன மாசம் நீங்க ஒரு வாரம் வெளியூர் போய் மீன் பிடிச்சிட்டு வந்தப்ப, அத்தனை மீனையும் நின்னுக்கிட்டே வறுத்துப் போட்டேனே, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் இதே டாக்டர் எனக்கும் பித்தப்பையை எடுத்தாரு."