லம்பாக் மலையில் பெண் கேட்ட கதை

மூச்சைப் பற்றிப் பாடம் நடத்த மூச்சு அதிகம் தேவைப்படாது. மலேசியாவின் ரெங்கத்தில் அறிவியல் ஆசிரியராக இருக்கும் எனக்கு இது நன்றாகத் தெரியும். உதரவிதானம் கீழே இறங்கினால் நுரையீரல் விரியும். ஓடினால் தசைகள் ஆக்சிஜன் கேட்கும், இதயம் வேகமெடுக்கும், இரத்தத்தில் கரியமிலவாயு கூடக்கூட மூளை "மூச்சு விடு, மூச்சு விடு" என்று விரட்டும். இதையெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம். சாலினியின் அப்பா போன் செய்யும்வரை நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாலினியும் நானும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவெடுத்திருந்தோம். அவள் அப்பாவின் சம்மதம் மட்டும்தான் பாக்கி. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்; குளுவாங்கில் இருக்கும் லம்பாக் மலையைத் தினமும் ஏறி இறங்குபவர்.

"எக்சர்சைஸ் எல்லாம் பண்ணுவீங்களா தம்பி?"

"தினமும் ஓடுவேன் அங்கிள்." (நரம்பில்லாத நாக்கு, வேறென்ன சொல்ல!)

"அப்ப வீட்டுக்கு வேணாம். ஞாயித்துக்கெழம காலையில மலையடிக்கு வந்துருங்க. ஏறிக்கிட்டே பேசலாம்."

பெண் கேட்கப் போகிறவர்கள் பழத்தட்டு வாங்குவார்கள். நான் புது ஷூ வாங்கினேன். தெம்பு வேண்டுமே என்று போகிற வழியில் மூன்று ரொட்டி சானாயும் நுரை பொங்க ஆற்றிய பெரிய தே தாரிக் டீயும் உள்ளே தள்ளினேன். வயிறு முட்டச் சாப்பிட்டால் உதரவிதானம் இறங்கச் சிரமப்படும் என்று வகுப்பில் சொன்னவனும் நானேதான்.

ஆரம்பம் அமர்க்களம். தார்ச்சாலை முடியும்வரை அவருக்கே சுவாசப் பாடம் நடத்திக்கொண்டு போனேன். பிறகு மரவேர்களைப் பிடித்து ஏறும் செங்குத்துப் பாதை வந்தது. என் நெஞ்சுக்குள் யாரோ உறுமி அடிக்க ஆரம்பித்தார்கள்.

முன்னால் போனவர் அவ்வப்போது திரும்பிப் பார்த்தார். மூச்சு வாங்குவது தெரிந்தால் மானம் போய்விடுமே! அவர் திரும்பும்போதெல்லாம் வாயை மூடி, மூச்சை அடக்கி, புன்னகைத்தேன். கரியமிலவாயுவை இப்படிச் சேர்த்துவைத்தால் மூளை சும்மா இருக்குமா? அவர் முகத்துக்கு நேராகவே அடைத்திருந்த மூச்செல்லாம் எருமை கனைப்பதுபோல வெடித்து வந்தது. அப்படியே ஒரு வேரில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் பக்கத்தில் வந்து நின்று, நிதானமாகக் கேள்விகளை ஆரம்பித்தார்.

"குடிப்பீங்களா?"

கூட்டாளிகளின் மனம் நோகக்கூடாதே என்று எப்போதாவது... என்று அழகான பதில் ஒன்றைத் தயாரித்து வைத்திருந்தேன். அதற்கு மூச்சு போதவில்லை.

"பீர்... எப்பவாச்சும்..."

"சமைப்பீங்களா?"

"மேகி..."

"தினமும் ஓடுறேன்னீங்க?"

"பொய்... அங்கிள்..."

அவர் முகத்தில் ஈ ஆடவில்லை. கதை முடிந்தது, சாலினிக்கு என்ன பதில் சொல்வது என்று கண் கலங்கிவிட்டது. (வியர்வை என்று அவர் நினைத்திருக்கலாம்.)

"சரி, என் மகள எதுக்குப் புடிச்சிருக்கு?"

இதற்கு இரண்டு பக்கப் பேச்சு மனப்பாடம். ஒரு வரிகூட வரவில்லை.

"அவங்க... கூட இருந்தா... நல்லா இருக்கு..."

அவர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். "அலமாக், மொதல்ல குடிங்க. ஏற்கெனவே ரெண்டு பேரு வந்தானுங்க. சோபாவுல உக்கார வச்சேன், பேசு பேசுன்னு பேசுனானுங்க. ஒண்ணும் உண்ம இல்ல. அதான் இந்தத் தடவ மலைக்குக் கூப்பிட்டேன். மூச்சு வாங்குறப்ப யாருக்கும் கத கட்ட வராது லா."

"அப்ப... கல்யாணம்..?"

"இறங்கிப் போய்ப் பேசலாம். உயிரோட வந்து சேருங்க, மாப்பிள்ள."

அந்தக் கடைசிச் சொல்லுக்கு என் இதயம் துடித்த துடிப்புக்கும் உடற்பயிற்சிக்கும் சம்பந்தமில்லை.

இப்போது எங்கள் வீடு நான்காவது மாடியில். தாமதமாக வந்து, கீழே கார் நிறுத்துமிடத்தில் காத்து நிற்பவளிடம் நான் காரணம் சொல்ல ஆரம்பித்தால் சாலினி கையைக் காட்டி நிறுத்திவிடுவாள்.

"லிஃப்ட் வேணாம். படியேறிக்கிட்டே சொல்லுங்க."

இரண்டாவது மாடிக்குள் உண்மை வந்துவிடும்.