முள் நடுங்கியதும் நான் ராஜினாமா எழுதியதும்

கிடர்பூர், கல்கத்தா
14-9-1979

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்குச் சென்னியப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கை அருக்காணியும் உடம்பளவில் நலம். மனசளவில் அவள் மட்டும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் குழந்தைகளும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் மோட்டார் பட்டறையும் சுகமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த மாதம் முதல் எனக்கு அதில் ஒரு வேலை வேண்டும். மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றச் சொன்னாலும் சரி, கூட்டிப் பெருக்கச் சொன்னாலும் சரி, இந்தக் கம்பெனியில் இனி ஒரு நாள் இருக்க மாட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். கப்பல் துறையில் நான் மின்சார வேலை பார்க்கும் எங்கள் கிரேன் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அறிய, அதன் சுழலும் தண்டில் ஒரு சின்ன டப்பா மாட்டியிருக்கிறது. ரேடியோவில் சத்தம் கூட்டும் குமிழ் மாதிரிதான். தண்டு திரும்பத் திரும்ப அதிலிருந்து வரும் மின்சாரம் மாறும், அதற்கேற்ப மேலே கேபினில் மீட்டர் முள் நகரும். கிடங்குச் சுவர் மறைப்பதால் அந்தப் பக்கம் டிரைவருக்குக் கண் தெரியாது, முள்தான் கண். அந்த முள், மோட்டார் ஓடினால் போதும், குளிர்ஜுரம் வந்தவன் மாதிரி நடுங்கும். ஆறு டிகிரி இப்படி, ஆறு டிகிரி அப்படி. காரணம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டப்பாவிலிருந்து வரும் மெல்லிய வயரையும் மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிளையும் ஒரே பைப்பில் திணித்திருக்கிறார்கள். மோட்டாரின் மின் இரைச்சல் முழுவதும் வயரில் ஏறிவிடுகிறது. வயரைத் தனியே பிரித்து, வலைக் கவசம் போட்டதாக மாற்றி, கவசத்தை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள் என்று எங்கள் மேலதிகாரி குருமூர்த்திக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் முறை பார்வையிட வந்தார். வந்த நேரம் பார்த்து லோட் ஷெட்டிங், அதுதான் இந்த ஊர் மின்வெட்டு! மோட்டார் நின்றுவிட்டது. மீட்டர் மட்டும் பாட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. முள் தவம் செய்கிற முனிவர் மாதிரி அசையாமல் நின்றது.

"என்ன மிஸ்டர், நடுங்குதுன்னீங்க? உங்க கைதான் நடுங்குது" என்றார்.

ஆனாலும் அவர் ஒரு வைத்தியம் செய்துவிட்டுப் போனார். மீட்டருக்குள் முள் தண்டில் கெட்டியான எண்ணெய் விடச் சொன்னார். முள் நடுங்குவது நின்றது, கூடவே வேகமும் நின்றது. கிரேனின் கை ஆற்றைத் தாண்டிக் கரைக்கு மேல் திரும்பிய பிறகுதான் முள் மெதுவாகக் கிளம்பி, "ஓ, கரைக்கு வந்துவிட்டோமா?" என்று கேட்கும்.

போன மாதம் அப்துல் ரஹீம் பாய், நம் கீழக்கரைக்காரர், பதினெட்டு வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறவர், முள்ளை நம்பி எட்டு மூட்டை கொத்துமல்லியை இறக்கினார். அது இறங்கிய இடம், வேலையாட்களின் வருகையைப் பதியும் டைம் ஆபீஸ் கூரை. குமாஸ்தா டீ குடிக்கப் போயிருந்ததால் பிழைத்தார். உடனே பாய்க்கு சஸ்பென்ஷன்: "முள்ளைக் கவனிக்காமல் இயக்கினார்." கவனித்ததால்தானே ஐயா இந்த வினை!

விசாரணைக்குத் தலைமை ஆபீஸிலிருந்து சந்தானம் என்பவர் வந்தார். பாய் தலையைக் குனிந்துகொண்டு, "முள்ளு சொன்னுச்சு சார், நான் கேட்டேன். அதான் என் தப்பு" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "சார், கேபினுக்கு வாங்க, காட்டறேன்" என்று இழுத்துப் போனேன். எண்ணெய் விடாத மீட்டரை மாட்டி, பழைய வயரில் மோட்டாரை ஓட விட்டேன். முள் தலைவிரித்து ஆடியது. ஜாதவ்பூர் ரேடியோ கடையில் வாங்கி வைத்திருந்த கவச வயரைப் பைப்புக்கு வெளியே தூரமாகக் கட்டி, ஒரு முனையை எர்த் செய்துவிட்டு மறுபடி ஓட்டினேன். கிரேன் திரும்பும் கோணத்துக்குக் கீழே தரையில் நான் சுண்ணாம்பால் குறித்திருந்த கோட்டுக்கும் முள்ளுக்கும் அரை டிகிரிகூட வித்தியாசம் இல்லை.

சந்தானம், பின்னாலேயே ஏறி வந்திருந்த மேலதிகாரி பக்கம் திரும்பி, "குருமூர்த்தி, இதை ஏன் முன்னாடியே செய்யலை?" என்றார்.

அந்த மனுஷர் கண் இமைக்காமல், "நான்தான் சார் இவர்கிட்ட செய்யச் சொன்னேன்" என்கிறார்!

பாய்க்கு வேலை திரும்பக் கிடைத்தது. அது ஒன்றுதான் நல்லது. நேற்று நோட்டீஸ் போர்டில் குருமூர்த்திக்குப் பாராட்டு, அவர் தலைமை ஆபீஸில் இது பற்றிச் சொற்பொழிவு ஆற்றப் போகிறாராம். என் பெயர் எங்கே என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். "ஓர் ஊழியரின் உதவியுடன்" என்று இருக்கிறது. ஓர் ஊழியர்! ராஜினாமா எழுதிவிட்டேன். நாளைக் காலை மேஜையில் வீசுவேன். வேலைக்குச் சம்மதம் என்று உடனே தந்தி அடியுங்கள்.

பெரியவர்களுக்கு என் நமஸ்காரமும், குழந்தைகளுக்கு முத்தமும், உங்கள் பட்டறை மோட்டார்களுக்கு நீண்ட ஆயுளும்.

இப்படிக்கு, கொதிக்கும்
சென்னியப்பன்

பி.கு.: தந்தி அடிக்க வேண்டாம். கவரை ஒட்டுவதற்குள் மற்ற மூன்று கிரேன் டிரைவர்களும் பாயோடு வாசலில் வந்து நின்றார்கள். தங்கள் கிரேன்களுக்கும் நான் வயர் மாற்றினால்தான் ஏறுவோம், குருமூர்த்தி சொற்பொழிவைக் கேட்டு ஏற மாட்டோம் என்று சந்தானத்திடமே சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். அருக்காணி என்னைக் கேட்காமலே "நாளைக்கே வருவாருங்க" என்று காபி கொடுத்துவிட்டாள். ராஜினாமாவைக் கிழித்தாயிற்று. கவச வயர் இருநூறு கஜம் அங்கிருந்து பார்சலில் அனுப்ப முடியுமா? இந்தக் கடிதத்தையும் கிழித்துப் புதிதாக எழுதலாம் என்றேன். உங்கள் தங்கை விடவில்லை. "எழுதுனது அப்படியே போகட்டுமுங்க. எங்கண்ணன் சிரிச்சு நாளாச்சு" என்கிறாள்.