மர்ஸுகி விட்டுப்போன காரும் அதில் உங்கள் பங்கும்

பெருமதிப்பிற்குரிய மூத்த மைத்துனர் அபாங் லோங் அவர்களுக்கு, தைப்பிங்கிலிருந்து உங்கள் மறைந்த தம்பி மர்ஸுகியின் மனைவி சல்மியா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கருணையால் இங்கே அனைவரும் நலம். அதாவது, நான் நலம். உங்கள் அம்மா வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸில் நலம். ஜொகூரில் புது வீட்டில் நீங்களும் உங்கள் மனைவி காக் லோங்கும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று தெரியும்.

போன ஞாயிறு நீங்கள் போன் செய்தபோது, மகன் தன்னோடு பேசத்தான் கூப்பிடுகிறான் என்று அம்மா எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினார். நீங்களோ என்னிடம், "தம்பி காரை வித்தா எனக்கும் அதில பங்கு வரும் சல்மியா, மார்க்கம் சொன்னதைத்தான் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். காரை என் பெயருக்கு மாற்ற நீங்கள் சம்மதக் கையெழுத்து போட்டபோது வராத பங்கு, நான் இன்ஷூரன்ஸ் கட்டி முடித்த பிறகு வந்திருக்கிறது. ஆகவே அந்தக் கார் என்னைப் படுத்திய பாட்டை முதலில் கேளுங்கள்.

மர்ஸுகி போனபின் அம்மாவை டாக்சியில்தான் கூட்டிப்போனேன், ஒருமுறை திரும்பி வரும் வழியில் அம்மா வாந்தி எடுத்துவிட்டார், அன்றிலிருந்து எங்கள் முகவரியைச் சொன்னாலே எல்லா டாக்சிக்காரர்களுக்கும் வேறு சவாரி வந்துவிடுகிறது, அதனால் ஐம்பத்தாறு வயதில் நான் கார் ஓட்டப் பழகினேன், சொல்லிக்கொடுத்தவர் கதவுக் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தார், மூன்றாம் முறை பாஸானேன். லைசென்ஸ் வந்தால் ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். இன்ஷூரன்ஸ் எடுக்காமல் சாலை வரி கட்ட முடியாது, சாலை வரி கட்டாமல் வாசலைத் தாண்ட முடியாது என்றார்கள். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் யோங் என்ற சீனப் பெண்ணிடம் போனேன்.

"என் வீட்டுக்காரர் இருபது வருஷமா ஒரு கீறல் இல்லாம ஓட்டினாரு. பாதிக்கு மேல தள்ளுபடி கிடைச்சுதே."

"அது அவரோட தள்ளுபடி அக்கா, அவரோட போயிடுச்சு. நீங்க புது டிரைவர். பூஜ்யத்திலேருந்துதான் ஆரம்பிக்கணும்."

"அத்தனை வருஷமும் பக்கத்து சீட்டில உட்கார்ந்து பிரேக்கைப் போடுங்க, பிரேக்கைப் போடுங்கன்னு கத்தினது யாரு? அதுக்கு ஒண்ணும் கிடையாதா?"

"கத்தினதுக்குக் கம்பெனியில ஒண்ணும் தர்றதில்ல அக்கா."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். காரை இன்ஷூர் செய்தால் முன்கண்ணாடி அதில் சேராதாம், அதற்குத் தனிப் பணம். வெள்ளமும் சேராதாம், அதற்கும் தனி. அவள் இதைச் சொல்லும்போது வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் என்றைக்குத்தான் கொட்டவில்லை. இரண்டு வருஷத்துக்கு நான் புது டிரைவராம், அதற்குள் எங்காவது இடித்தால் முதல் நானூறு ரிங்கிட் என் கைக்காசாம். இத்தனையும் போக இன்ஷூரன்ஸில் என்னதான் சேரும் என்று கேட்டேன். "மனநிம்மதி அக்கா" என்றாள்.

சங்கிலியை விற்றுக் கட்டினேன். புது டிரைவர் என்று ஊருக்கே காட்டும் 'பி' ஸ்டிக்கரை முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் போகும் பள்ளிக்கூடப் பையன்கள் ஹாரன் அடித்துச் சிரிக்கச் சிரிக்க, உங்கள் அம்மாவைக் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறேன்.

இப்போது சொல்லுங்கள், எதில் பங்கு வேண்டும்? டயாலிசிஸ் முடிந்து வெளியே வரும்போது அம்மாவுக்கு இரண்டு கையும் நடுங்கும். ஒரு கையை நான் பிடித்துக்கொள்கிறேன். இன்னொரு கை சும்மாதான் தொங்குகிறது, அதை வந்து பிடித்துக்கொள்ளுங்கள், எந்த மார்க்கமும் தடுக்காது. காரைத் தரமாட்டேன். நான் இல்லாவிட்டால் இந்த வீட்டில் அதை ஓட்ட ஆளில்லை, என்னைப்போல் பார்த்து ஓட்டவும் ஆளில்லை.

காக் லோங்குக்கும் பிள்ளைகளுக்கும் ஸலாம். உங்கள் ஆயுளுக்காகவும், நீங்கள் புதிதாக வாங்கியிருக்கும் பெரிய காரின் ஆயுளுக்காகவும் ஐந்து வேளையும் துஆ செய்யும்,
சல்மியா.

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு அம்மாவோடு டயாலிசிஸுக்குக் கிளம்பினேன். சென்டர் வாசலில் பின்னுக்கு எடுக்கும்போது அங்கே நின்றிருந்த வேனில் இடித்துவிட்டேன். வேன்காரர் இறங்கி வந்து ஸ்டிக்கரைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டார். யோங்குக்குப் போன் போட்டேன். "தள்ளுபடி போயிடுமேன்னு பயப்படாதீங்க அக்கா, உங்களுக்குத்தான் ஒண்ணுமே இல்லயே" என்று ஆறுதல் சொன்னாள். அதையும் தாங்கிக்கொண்டேன். அம்மா முன்சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். எங்காவது அடிபட்டதா என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். "லோங் ஓட்டியிருந்தா இடிச்சிருக்க மாட்டான்."

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். பங்கு என்ன, முழுக் காரையும் தருகிறேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா முன்சீட்டிலேயே இருப்பார். இறக்கிவிடாமல் அப்படியே ஜொகூருக்கு ஓட்டிப்போங்கள்.